கன்ட்ரோலர்ஸ், சர்வீசஸ், மாடல்ஸ் எல்லாம் இருக்கு... தறி எங்கே?

ஏதாவது ஒரு ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட்டோட கிட்ஹப் ரெப்போவைத் திறந்து பாருங்க. உள்ளே கன்ட்ரோலர்ஸ், சர்வீசஸ், மாடல்ஸ், ரூட்ஸ், யூட்டில்ஸ்னு அஞ்சு ஃபோல்டர் இருக்கும். இது ஹாஸ்பிட்டல் ப்ராஜெக்ட்டா, ஹாஸ்டல் மெஸ் ப்ராஜெக்ட்டா, பஸ் டிக்கெட் ப்ராஜெக்ட்டா? பார்த்தவுடனே சொல்ல முடியாது. எல்லாத்துக்கும் அதே அஞ்சு ஃபோல்டர்தான்.

இந்த அமைப்பை பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து யோசிச்சு முடிவு பண்றதில்லை. பார்த்த டுடோரியல்ல அப்படி இருந்தது, சீனியர் கொடுத்த ரெப்போல அப்படி இருந்தது, அவ்வளவுதான். டேட்டாபேஸ் எது, ஃப்ரேம்வொர்க் எதுன்னு ரெண்டு நாள் சண்டை போடுற டீம், ஃபோல்டர் விஷயத்தை ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். பேக்எண்ட் கோடை அந்த ஃபைல் என்ன வகைன்னு பார்த்துப் பிரிக்கக் கூடாது. அது யாரோட எந்த வேலையைச் செய்யுதுன்னு பார்த்துப் பிரிக்கணும். முதல் ரெவ்யூவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ப்ராஜெக்ட்டை நிஜமாவே ஒருத்தர் பயன்படுத்த ஆரம்பிச்ச பிறகுதான் தெரியும்.

பிள்ளையார்பாளையத்துக்கு ஒரு பேக்எண்ட்

பொதுவாப் பேசினா ரெண்டு பக்கமும் நியாயமாத்தான் தோணும். அதனால ஒரு உதாரணத்தைப் பிடிச்சுக்குவோம். காஞ்சிபுரத்துல பிள்ளையார்பாளையம் நெசவாளர் பகுதி. அங்கே இருக்கிற ஒரு பட்டு கைத்தறி கூட்டுறவுச் சங்கத்துக்கு நாம பேக்எண்ட் எழுதுறோம்னு வச்சுக்கோங்க.

சங்கத்தோட வேலை இப்படிப் போகும். உறுப்பினரா இருக்கிற நெசவாளருக்குப் பாவு, ஊடைப் பட்டு, ஜரிகை எல்லாம் எடை போட்டுக் கொடுப்பாங்க. அவர் வீட்டுத் தறியில நெய்வார். புடவை முடிஞ்சதும் சங்கத்துக்குக் கொண்டு வருவார். அங்கே எடையும் தரமும் பார்த்து வாங்கி, கூலி போடுவாங்க. புடவை இருப்புக்குப் போகும், பிறகு ஷோரூம்ல விற்பனை. பண்டிகைக் காலத்துல தள்ளுபடி உண்டு. பில்லுல ஜிஎஸ்டி உண்டு.

இதுல சிக்கலான இடம் கூலி. எல்லாப் புடவைக்கும் ஒரே கூலி கிடையாது. கோர்வைப் புடவைன்னா உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். ரெண்டையும் நெய்யும்போதே கோர்த்துக்கிட்டு வரணும். அதுக்கு மூணு நாடா ஓடும், பக்கத்துல உதவிக்கு ஒரு ஆள் வேணும். உடலையும் முந்தியையும் நிறம் மாத்தி இணைக்கிற பெட்னி வேலை தனி. இதை எல்லாம் பொறுத்து கூலி மாறும். அப்புறம் சேமிப்புத் திட்டப் பிடித்தம், வாங்கின முன்பணம்னு கழிவுகள் வரும்.

இப்போ ரெண்டு விதமா ஃபோல்டர் போடலாம்.

முதல் விதம் நமக்குத் தெரிஞ்சதுதான். கன்ட்ரோலர்ஸ் ஃபோல்டர்ல உறுப்பினர், பொருள், தறி, கூலி, இருப்பு, விற்பனை, வரின்னு ஏழு ஃபைல். சர்வீசஸ்ல அதே ஏழு, மாடல்ஸ்ல ஏழு, வேலிடேட்டர்ஸ்ல ஏழு, டெஸ்ட்ஸ்ல ஏழு. மொத்தம் 35 ஃபைல். கூலின்னு ஒரு விஷயம் அஞ்சு ஃபோல்டர்ல அஞ்சு துண்டாக் கிடக்கும்.

ரெண்டாவது விதத்துல மேல்மட்டத்துலயே ஏழு ஃபோல்டர். உறுப்பினர், பொருள், தறி, கூலி, இருப்பு, விற்பனை, வரி. கூலி ஃபோல்டருக்குள்ள அதோட கன்ட்ரோலர், சர்வீஸ், மாடல், வேலிடேட்டர், டெஸ்ட் எல்லாம் ஒண்ணா இருக்கும். ஃபைல் எண்ணிக்கை அதே 35தான். அடுக்கி வச்ச விதம் மட்டும் வேற.

கூலி உயர்ந்தா என்ன நடக்கும்?

கோர்வைப் புடவைக்குக் கூலி உயர்வு வருதுன்னு வைங்க. இன்ன தேதியில இருந்து புது விகிதம். கேட்க சாதாரணமா இருக்கு. ஆனா ஒரு பாவுல ஒண்ணுக்கு மேல புடவை வரும், ஒரு புடவை முடியப் பல நாள் ஆகும். அறிவிப்பு வந்த அன்னைக்கு ஒரு பாவு பாதி ஓடிக்கிட்டு இருக்கும். அந்தப் புடவைக்குப் பழைய விகிதமா, புதுசா? பாவு கொடுத்த தேதியைப் பார்க்கணுமா, புடவை ஒப்படைச்ச தேதியைப் பார்க்கணுமா? இதைச் சங்கம் முடிவு பண்ணும். நாம அந்த முடிவை ஒரே ஒரு இடத்துல எழுதணும்.

வகை வாரியா அடுக்கின ரெப்போல அந்த இடம் எதுன்னு உறுதியாச் சொல்ல முடியுமா? கூலி சர்வீஸ்ல ஒரு கணக்கு இருக்கும். விற்பனை சர்வீஸ் எழுதினவர், அடக்க விலை வேணும்னு அங்கேயே ஒரு கூலிக் கணக்கைப் போட்டிருப்பார். மாச ரிப்போர்ட் எழுதினவர் யூட்டில்ஸ்ல ஒரு ஃபங்ஷன் வச்சிருப்பார். சர்வீசஸ் ஃபோல்டர்ல எல்லாரும் அக்கம்பக்கம்தானே, யார் யாரை வேணும்னாலும் கூப்பிடலாம். யாரும் தப்பு பண்ணணும்னு பண்ணலை. தடுக்க அங்கே ஒரு சுவர் இல்லை.

மூணுல ரெண்டை மாத்திட்டு ஒண்ணை விட்டுட்டா என்ன ஆகும்? காலேஜ் ப்ராஜெக்ட்ல வைவால ரெண்டு மார்க் போகும். சங்கத்துல ஒரு வீட்டுக்கு அந்த வாரக் கூலி குறைஞ்சு போகும். கம்ப்யூட்டர் போட்ட கணக்குன்னா சரியாத்தான் இருக்கும்னு எல்லாரும் நம்புவாங்க. அதனால அது சீக்கிரம் கண்ணுலயும் படாது.

"சர்ச் பண்ணா ஃபைல் கிடைக்கப் போகுது, எந்த ஃபோல்டர்ல இருந்தா என்ன?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். பேரைத் தெரிஞ்சவருக்கு எடிட்டர்ல ரெண்டு கீ அழுத்தினா ஃபைல் வந்துடும். ஆனா யூட்டில்ஸ்ல இன்னொரு கூலிக் கணக்கு இருக்குன்னே தெரியாதவர் அதை என்ன பேர் போட்டுத் தேடுவார்?

வேலை வாரியாப் பிரிச்சா மட்டும் இது தானாச் சரியாகிடாது. ஆனா ஒரு விதியைப் போட முடியும்: கூலியைக் கணக்குப் போடுற உரிமை கூலி ஃபோல்டருக்கு மட்டும், மத்தவங்க அதைக் கேட்டு வாங்கிக்கணும். இந்த விதியைக் காவல் காக்க மொழியே உதவும். ஜாவால ஒரு கிளாஸுக்கு முன்னாடி பப்ளிக் போடாம விட்டா, அந்தப் பேக்கேஜுக்கு வெளியே அது தெரியாது. வகை வாரியா அடுக்கினா இந்த வசதி வீண். கன்ட்ரோலர் ஒரு பேக்கேஜ், சர்வீஸ் இன்னொரு பேக்கேஜ் என்பதால எல்லாத்தையும் பப்ளிக் ஆக்கித்தான் தீரணும். கோ மொழியில இன்டர்னல்னு பேர் வச்ச ஃபோல்டரை, அதைச் சுமக்கிற தாய் ஃபோல்டருக்கு வெளியே இருந்து இம்போர்ட் பண்ணவே கம்பைலர் விடாது. அதாவது ஃபோல்டரை வேலி மாதிரியும் பயன்படுத்தலாம்.

1972லயே கேட்ட கேள்வி

இது ஏதோ புது ஃபேஷன் இல்லை. 1972ல டேவிட் பார்னஸ், ஒரு சிஸ்டத்தை எந்த அடிப்படையில மாட்யூல்களாப் பிரிக்கணும்னு ஒரு கட்டுரை எழுதினார். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பேப்பர்ல கோஹிஷன், கப்ளிங்னு மனப்பாடம் பண்ணி எழுதுறோமே, அந்தப் பேச்சோட பக்கத்து வீட்டுக் கட்டுரை இது.

அதுல அவர் ஒரு சின்ன ப்ரோக்ராமை எடுத்துக்கிட்டார். சில வரிகளை வாங்கி, அதுல இருக்கிற வார்த்தைகளைச் சுழற்றி, அகரவரிசைப்படுத்தி அச்சடிக்கணும். முதல்ல ஃப்ளோசார்ட் படி பிரிச்சார்: வாங்குறது, சுழற்றுறது, வரிசைப்படுத்துறது, அச்சடிக்கிறது. அடுத்து, பின்னாடி மாறக்கூடிய முடிவுகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள்ள மறைச்சுப் பிரிச்சார். வரிகளை மெமரில சேமிக்கிற விதத்தை மாத்தினா, முதல் பிரிப்புல கிட்டத்தட்ட எல்லா மாட்யூலையும் தொட வேண்டியிருந்தது. ரெண்டாவதுல ஒண்ணைத் தொட்டாப் போதும். ஃப்ளோசார்ட்டை வச்சுப் பிரிக்க ஆரம்பிக்கிறதே பெரும்பாலும் தப்புன்னு முடிச்சார்.

அவர் பேசினது மாட்யூலைப் பத்தி, ஃபோல்டரைப் பத்தி இல்லை. ஆனாலும் நம்ம ரூட்ஸ், கன்ட்ரோலர்ஸ், சர்வீசஸ், மாடல்ஸ் வரிசையைப் பாருங்க. ஒரு ரிக்வஸ்ட் உள்ளே வந்து டேட்டாபேஸ் வரைக்கும் போற பாதை அது. அதாவது ஃப்ளோசார்ட்டையே ஃபோல்டரா வெட்டி வச்சிருக்கோம்.

நம்ம நாட்டு உதாரணம்

ஈஆர்பிநெக்ஸ்ட் தெரியுமா? மும்பையில இருக்கிற ஃபிராப்பே நிறுவனத்தோட ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். கணக்கு, கொள்முதல், விற்பனை, இருப்பு, உற்பத்தின்னு ஒரு தொழிலுக்கு வேண்டிய எல்லாம் அதுல இருக்கு. பெரும்பகுதி பைத்தான்ல எழுதினது. கோட் எல்லாருக்கும் திறந்தே இருக்கு, இன்னைக்கே போய்ப் பாருங்க.

அதோட மேல்மட்டத்துல அக்கவுன்ட்ஸ், பையிங், செல்லிங், ஸ்டாக், மேனுஃபேக்சரிங்னு ஃபோல்டர்கள் இருக்கும். கோடே தெரியாத ஒரு கணக்குப்பிள்ளை பார்த்தாலும் அந்தப் பேர்கள் புரியும். அக்கவுன்ட்ஸ் உள்ளே போனா சேல்ஸ் இன்வாய்ஸ்னு ஒரு ஃபோல்டர். அதுல டேட்டா அமைப்பைச் சொல்ற ஜேசன் ஃபைல், பைத்தான் ஃபைல், திரைக்கான ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல், டெஸ்ட் ஃபைல் எல்லாம் ஒரே வீட்டுல குடியிருக்கு.

இதோட பலன் ஜிஎஸ்டில தெரிஞ்சது. 2017 ஜூலை 1ல ஜிஎஸ்டி வந்தது. அதுக்கப்புறம் விகிதம், படிவம், இ-வே பில், இ-இன்வாய்ஸ்னு விதிகள் மாறிக்கிட்டே வந்தது. ஈஆர்பிநெக்ஸ்ட்ல ரீஜனல்னு ஒரு ஃபோல்டர் இருந்தது, அதுக்குள்ள நாட்டு வாரியா வரி விதிகள், இந்தியாவுக்குத் தனி ஃபோல்டர். 2022ல வந்த 14ஆம் பதிப்புல இந்திய வரிப் பகுதியை இந்தியா கம்ப்ளையன்ஸ்னு தனி ஆப்பாவே பிரிச்சுட்டாங்க. அதே பதிப்புல ஊழியர் நிர்வாகம், சம்பளப் பகுதியும் தனி ஆப்பாப் போச்சு. ஒரு பகுதியைப் பிரிச்சு எடுக்க, முதல்ல அது ஒரு பகுதியா இருக்கணும். அஞ்சு ஃபோல்டர்ல சிதறிக் கிடந்தா எதைன்னு எடுத்துட்டுப் போறது?

அங்கே எல்லாம் சுத்தம்னு சொல்ல வரலை. கன்ட்ரோலர்ஸ்னு ஒரு ஃபோல்டர் அங்கேயும் இருக்கு. விற்பனைக்கும் கொள்முதலுக்கும் பொதுவான கோட் அதுல இருக்கு. அதுல அக்கவுன்ட்ஸ் கன்ட்ரோலர் ஃபைல் ஆயிரக்கணக்கான வரி. பொதுவான விஷயங்களை எங்கே வைக்கிறதுங்கிறது வேலை வாரியாப் பிரிச்சாலும் தீராத தலைவலிதான்.

முதல்லயே பிரிக்காம விட்டா என்ன விலைன்னு பார்க்கணும்னா கனடாவோட ஷாப்பிஃபை கதையைப் படிங்க. அவங்க ரூபி கோட் ஒரு சாதாரண ரெயில்ஸ் ப்ராஜெக்ட் மாதிரி மாடல்ஸ், வியூஸ், கன்ட்ரோலர்ஸ்னு வகை வாரியா இருந்தது. 2017ல அதை ஆர்டர், ஷிப்பிங், இருப்பு, பில்லிங்னு வேலை வாரியா மாத்த இறங்கினாங்க. சுமார் 6000 கிளாஸை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டு, எது எந்தப் பகுதிக்குன்னு கையாலயே குறிச்சாங்க. ஃபைலை நகர்த்தினதோட முடியலை. பகுதிகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கைவிடாம இருக்கான்னு பார்க்க, 2020ல பேக்வெர்க்னு ஒரு டூலையே எழுதி வெளியிட்டாங்க.

ஃப்ரேம்வொர்க் சொல்லுதேன்னு சொல்லாதீங்க

"ஃப்ரேம்வொர்க்கே அப்படித்தான் கேட்குது"ங்கிற பதில் பாதிதான் உண்மை. ரெயில்ஸ் 2004ல வந்தப்போ மாடல்ஸ், வியூஸ், கன்ட்ரோலர்ஸ் அமைப்பைத் தானே போட்டுக் கொடுத்தது. அந்தப் பழக்கம் மத்த மொழிகளோட டுடோரியலுக்கும் பரவிடுச்சு.

மத்ததைப் பாருங்க. 2005ல வெளிவந்த ஜாங்கோ, ப்ராஜெக்ட்டை ஆப் ஆப்பாப் பிரிக்கத்தான் சொல்லுது. ஒவ்வொரு ஆப்புக்கும் சொந்த மாடல், வியூ, டெஸ்ட். நாம என்ன பண்றோம்? கோர்னு ஒரே ஆப் போட்டு எல்லாத்தையும் அதுல கொட்டுறோம். ஸ்பிரிங் பூட் எந்த அமைப்பையும் கட்டாயப்படுத்தலை. அதோட டாக்குமென்டேஷன்ல காட்டுற மாதிரியே கஸ்டமர், ஆர்டர்னு வேலை வாரியாப் பிரிச்சதுதான். நெஸ்ட்ல ஒரு ரிசோர்ஸ் உருவாக்கச் சொன்னா கன்ட்ரோலர், சர்வீஸ், மாட்யூல் மூணையும் ஒரே ஃபோல்டர்ல வச்சுக் கொடுக்கும். எக்ஸ்பிரஸ் இந்த விஷயத்துல உங்க இஷ்டம்னு விட்டுடுது.

கோ மொழியில ஒரு வேடிக்கை. கிட்ஹப்ல "ஸ்டாண்டர்ட்"னு பேர் போட்ட ஒரு ப்ராஜெக்ட் அமைப்பு ரொம்பப் பிரபலம். 2021ல கோ மொழிக் குழுவோட ரஸ் காக்ஸே அங்கே வந்து, இது கோவோட ஸ்டாண்டர்ட் இல்லைன்னு எழுத வேண்டியதாச்சு. ஸ்டார் அதிகம்னா அது விதி ஆகிடாது.

எதிர்வாதங்கள்

நான் சொல்றது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உங்க ப்ராஜெக்ட்ல மொத்தமே எட்டு ஃபைல்னா எந்த ஃபோல்டரும் வேண்டாம், எல்லாத்தையும் ஒரே இடத்துல வைங்க. வேலை வாரியாப் பிரிக்க, வேலை என்னன்னு முதல்ல புரியணும். முதல் வாரத்துலயே இருபது ஃபோல்டர் போட்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு வெத்து ஃபைல் வைக்கிறது வெறும் அலங்காரம்.

லேயரே கெட்டதுன்னும் சொல்லலை. டேட்டாபேஸ் கோடும் கூலி விதியும் தனித்தனியா இருக்கணும்தான். அந்தப் பிரிவு கூலி ஃபோல்டருக்கு உள்ளே இருக்கட்டும், மேல்மட்டத்துல வேண்டாம்.

காமன், யூட்டில்ஸ்னு ஒண்ணு தவிர்க்க முடியாதுதான். அதுக்கு ஒரு சோதனை வைங்க. அந்த ஃபங்ஷனைத் தூக்கி வேற ஒரு ஹோட்டல் ப்ராஜெக்ட்ல போட்டாலும் அப்படியே ஓடுமா? தேதியை வடிவமாக்குறது ஓடும், அது அங்கே இருக்கலாம். கோர்வைக் கூலி ஓடாது, அது கூலி ஃபோல்டருக்குப் போகணும்.

எப்படி ஆரம்பிக்கலாம்?

எடிட்டரைத் திறக்கிறதுக்கு முன்னாடி சங்கத்து ஆபீஸ்ல போய் உட்காருங்க. அங்கே என்னென்ன லெட்ஜர் இருக்குன்னு பாருங்க. பாவு கொடுத்ததுக்கு ஒரு நோட்டு, கூலிக்கு ஒரு நோட்டு, இருப்புக்கு ஒரு நோட்டுன்னு தனித்தனியா வச்சிருந்தா, அந்த வேலைகள் தனித்தனின்னு அவங்க பல வருஷ அனுபவத்துல கண்டுபிடிச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தம். உங்க முதல் ஃபோல்டர் பட்டியல் அதுதான். கையெழுத்து நோட்டுன்னு இளக்காரமாப் பார்க்க வேண்டாம்.

அடுத்து மேனேஜர் சார்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "சார், போன ரெண்டு வருஷத்துல எதெல்லாம் மாறிச்சு?" கூலி விகிதம், தள்ளுபடி, வரி, ஜரிகை விலைன்னு அவர் சொல்லிக்கிட்டே போவார். அதை எழுதி வச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணும் மாறினா எத்தனை ஃபோல்டரைத் தொடணும்னு எண்ணிப் பாருங்க. ஒண்ணு, ரெண்டுன்னா நல்ல அமைப்பு. அஞ்சுன்னா மறுபடி யோசிங்க. பார்னஸ் சொன்ன பட்டியல் இதுதான், நம்ம ஊர் வடிவத்துல.

பேர் வைக்கிறதுல ஒரு வேண்டுகோள். பாவுக்கு ஒருத்தர் வார்ப்னு வைப்பார், இன்னொருத்தர் யார்ன்னு வைப்பார், மூணாவது ஆள் த்ரெட்னு வைப்பார். எதுக்கு? ஆங்கில எழுத்துல டைப் பண்ணாலும் பாவு, கூலி, கோர்வைன்னே வைங்க. சங்கத்துல பேசுற வார்த்தையும் கோட்ல இருக்கிற வார்த்தையும் ஒண்ணா இருந்தா நடுவுல ஒரு டிக்ஷனரி தேவைப்படாது. "கோர்வைக் கூலி தப்பா வருது தம்பி"ன்னு போன் வந்தா, எந்த ஃபோல்டர்னு கேட்டவுடனே தெரியும்.

அந்த போன் வரும்போது நீங்க அங்கே இருக்க மாட்டீங்க. இதுதான் நம்ம ப்ராஜெக்ட்களோட நிஜமான பிரச்சினை. ஃபைனல் இயர் முடிஞ்சதும் நாம பெங்களூரோ ஓஎம்ஆரோ போயிடுவோம். சங்கம் பிள்ளையார்பாளையத்துலயேதான் இருக்கும். போனை எடுக்கப் போறது இப்போ செகண்ட் இயர்ல இருக்கிற ஒரு ஜூனியர். அவனோ அவளோ உங்க ரெப்போவை முதல் தடவையாத் திறக்கும்போது உங்களைக் கேட்க முடியாது, ஃபோல்டர் பேரை மட்டும்தான் படிக்க முடியும். அங்கே கூலின்னு ஒரு பேர் இருந்தா, அன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள கணக்கைச் சரிபண்ணிடலாம். சர்வீசஸ்னு மட்டும் இருந்தா முதல்ல ஒரு வாரம் தேடணும், அந்த வாரமும் கூலி தப்பாத்தான் போகும்.